அம்மா மண்டபத்திலிருந்து வெள்ளைக் கோபுரம் வரை: ஸ்ரீரங்கத்தில் ஒரு காலை நடை

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குத் திருச்சியில் வந்திறங்கும் நம்மவர்களில் பலர் ராஜகோபுரம் வரை காரில் போய், பெருமாளைச் சேவித்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தை ஆற்றங்கரையில் தொடங்கி, நடந்தே பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் இருங்கள். பத்து மணிக்கு மேல் கோயிலின் கல்தளம் வெறுங்காலைச் சுட்டுவிடும்.

2025 முதல் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிவிட்டன. பழைய நினைப்பில் மத்தியப் பேருந்து நிலையத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து 1ஆம் எண் டவுன் பஸ் போதும். ஆட்டோ என்றால் ஏறும் முன்பே கூலி பேசிவிடுங்கள். பூ, செருப்புக் காவல், காபி எல்லாவற்றுக்கும் க்யூஆர் அட்டை இருக்கும். வெளிநாட்டு வங்கி அட்டை அங்கே செல்லாது. பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும்.

காவிரிக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படும். கோடையில் வந்தால் படித்துறைக்கு அப்பால் பெரும்பாலும் மணல்தான். தண்ணீர் ஓடும்போது கடைசிப் படிகளில் பாசி வழுக்கும். தர்ப்பணம் செய்ய விரும்பினால் கோத்திரம், தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதிக் கொண்டுபோங்கள்; தட்சிணையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசையும் ஆடிப்பெருக்கும் நடைக்கு ஏற்ற நாட்கள் அல்ல. ஐப்பசிதான் என் தேர்வு: அந்த மாதம் முழுவதும் பெருமாள் திருமஞ்சனத்துக்கு இங்கிருந்துதான் தங்கக் குடத்தில் காவிரி நீர் யானைமேல் போகும்.

வடக்கே நடந்தால் ராஜகோபுரம். பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது. 1987இல் 13 நிலை, 236 அடியாக முடிந்தது. உள்ளே அடையவளஞ்சான், சித்திரை, உத்திர வீதிகள் என்று வரிசையாக வரும். கடைகளும் வீடுகளும் கோயில் மதில்களுக்கு உள்ளேயே இருக்கின்றன. சித்திரை வீதியில் ஒரு சுற்று நடந்தால்தான் இது ஏன் கோயிலும் ஊரும் ஒன்றான இடம் என்று பிடிபடும்.

ரங்கா ரங்கா கோபுரத்தருகே செருப்பை விட்டுவிட்டு, வேணுகோபாலன் சன்னிதியின் வெளிச்சுவரை முதலில் பாருங்கள். வீணை மீட்டுபவள், கிளி ஏந்தியவள், கண்ணாடி பார்ப்பவள் என ஒவ்வொரு சிலையிலும் நகைவேலை தனித்தனி. பிறகு கிழக்கே வெள்ளைக் கோபுரத்தருகே சேஷராயர் மண்டபம். முன்கால் தூக்கிய குதிரைகள், அடியில் புலியோடு மோதும் வீரர்கள். கடிவாளத்தின் முடிச்சுக்கூடக் கல்லில் தெரியும். எதிரே ஆயிரங்கால் மண்டபம், எண்ணினால் 953 தூண்கள்.

இந்து அல்லாத மருமகளோ நண்பரோ கூட வந்தால் உள் பிரகாரங்களுக்கு அனுமதியில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் மனம் நோகும். மேலே சொன்ன மண்டபங்களை அவர்களும் பார்க்கலாம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி விழாவான பகல்பத்து, இராப்பத்து நடக்கும் நாட்களில் வந்தால் சிற்பம் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டுச் சேவைக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள்.