வீட்டில் காபி, கடையில் டீ

கொங்கு நாட்டில் வீட்டுக்கு வந்தவரிடம் "காபிங்களா, டீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "எதுனாலும் சரிங்க" என்பதுதான். அது மரியாதைக்குச் சொல்வது. உள்ளுக்குள் எல்லாருக்கும் ஒரு கட்சி உண்டு. என் கட்சி இது: வீட்டில் குடிப்பதென்றால் காபி, கடையில் குடிப்பதென்றால் டீ. மாற்றிக் குடித்தால் இரண்டிலும் பாதி ருசிதான் கிடைக்கும்.

முதலில் டீயைப் பார்ப்போம். நம் கடைகளில் போடுவது பெரும்பாலும் டஸ்ட் டீ. குன்னூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் விளைகிற கொழுந்தைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுக்கிறார்களே, அந்த சி.டி.சி. முறையில் வருகிற பொடி. துகள் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் சாயம் இறங்கும், அதிக நேரம் விட்டால் அவ்வளவு சீக்கிரம் துவர்த்தும் போகும். ஆகவே தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் எந்நேரமும் தயாராக இருக்கிற இடத்தில்தான் இந்தத் தூள் தன் குணத்தைக் காட்டும். கடை பாய்லர் விடியற்காலை சூடேறினால் கடை சாத்தும் வரை ஆறுவதில்லை. வீட்டில் நாம் தூள், பால், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பொங்கப் பொங்கக் கொதிக்க விடுகிறோம். பால் காய்ந்த வாடையும் தூளின் துவர்ப்பும் சேர்ந்து நாக்கில் ஒட்டிக்கொள்கிறது.

டீ மாஸ்டரின் கைவேலையை நின்று பார்க்க வேண்டும். கிளாசில் சர்க்கரை, அதன்மேல் பால், அப்புறம் துணிப்பையிலிருந்து சாயம். ஒரு கை தலைக்கு மேலே, இன்னொரு கை இடுப்புக்குக் கீழே. இரண்டே ஆற்றலில் நுரை கட்டி, செங்கல் நிறத்தில் கிளாஸ் நம் முன்னால் வந்துவிடும். பாலில் இருக்கும் புரதம் டீயின் டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு அடங்குகிறது. ஆற்றுவதில் இரண்டும் அடிவரை கலந்து, வாய்க்குத் தோதான சூட்டுக்கும் வந்துவிடுகிறது.

கடை டீயிலும் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும். பையில் இருக்கும் பழைய தூளின் மேலேயே புதுத் தூளைப் போட்டு ஊற்றிக்கொண்டே போவார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் ஊறிச் சலித்த சாயம்தான் வரும். "ஏனுங்ணா, தூள் மாத்துனீங்களா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. "இப்பத்தானுங்க மாத்துனேன்" என்று பதில் வந்தால் தைரியமாக ஒரு ஸ்ட்ராங் சொல்லலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டீ டைம் விடும் பதினோரு மணி வாக்கில் எந்தக் கடையிலும் டீ நன்றாகவே இருக்கும். அந்த வேகத்தில் பையில் எதுவும் பழசாக வழியில்லை. பல்லடம், சோமனூர்ப் பக்கம் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுகிறவர்கள் நடுச்சாமத்தில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது தூக்கத்துக்கும் பசிக்கும் சேர்த்து. அந்த இடத்தில் காபி போட்டிக்கே வர முடியாது.

அதே கடையில் காபி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூள் ஒரு ஸ்பூன், மேலே பால், விலை மட்டும் டீயைவிடக் கூட. பேக்கரிகளிலும் இதே கதைதான். சேலம்–கோவை ரோட்டில் பித்தளை டபராவோடு கும்பகோணம் பெயரில் காபி தருகிற கடைகள் வந்திருக்கின்றன. சில இடங்களில் உண்மையிலேயே பில்டர் டிக்காஷன் ஊற்றுகிறார்கள். ஆனால் சர்க்கரையை அள்ளிப் போட்டு காபியை அமுக்கிவிடுகிறார்கள். சர்க்கரை தனியாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வீட்டுக் காபிக்கு வருவோம். எனக்கு ஆசை அதிகம் இங்கேதான். காபிக்கு வேண்டியது பொறுமை, அது கடையில் கிடைக்காது, வீட்டில் கிடைக்கும். பில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு லேசாக அமுக்கி, கொதித்து அடங்கிய தண்ணீரை வட்டமாக ஊற்றி மூடிவிட்டால் கால் மணி நேரத்தில் முதல் டிக்காஷன் இறங்கிவிடும். கீழ்ப் பாத்திரத்தைத் திறக்கும்போது வருகிற மணம் அன்றைக்கு இறங்கிய டிக்காஷனுக்கு மட்டும்தான் உண்டு. ராத்திரி இறக்கி வைத்துக் காலையில் குடிப்பவர்கள் அந்த மணத்தை இழந்துவிடுகிறார்கள். சூடு பண்ணினால் கசப்புதான் கூடும்.

தூள் வாங்கும்போது சிக்கரி எவ்வளவு என்று கேளுங்கள். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி, பாக்கெட்டில் அளவும் போட்டிருக்க வேண்டும். சிக்கரி கூடினால் டிக்காஷன் கறுப்பாக, கெட்டியாகத் தெரியும். ஆனால் மணம் குறைந்துவிடும். எனக்குப் பிடித்தது 85-க்கு 15. பீபெரி என்றாலே உசத்தி என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது ஒரு பழத்தில் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை, அவ்வளவுதான். ருசியைத் தீர்மானிப்பது கொட்டை விளைந்த இடமும், வறுத்த பக்குவமும், அரைத்து எத்தனை நாளாயிற்று என்பதும்தான். ஏற்காட்டில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே காபி விளைகிறது. மேலே போனால் கொட்டை வாங்கி வந்து கண்ணெதிரே அரைத்துக்கொள்ளுங்கள்.

பால் விஷயத்தில் காபி கொஞ்சம் கறார். எருமைப்பால் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. பாக்கெட் என்றால் ஆவினில் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு. டீக்கு 4.5 சதவீதப் பச்சை பாக்கெட்டே தாராளம்.

பாலைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் குடித்த காபியையும், போர் தண்ணீரில் போட்ட காபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒரே தூள் என்று நம்பவே முடியாது. உப்புத்தண்ணியில் உள்ள சுண்ணாம்பு டீயின் மேல் ஏடு போலப் படியும், நிறமும் மங்கும். காபியில் அந்த மெல்லிய புளிப்பையே அடித்துவிடும். திருப்பூர், காங்கயம் பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் பில்டருக்கென்று ஒரு குடம் நல்லதண்ணி தனியாக எடுத்து வைப்பது, விலை கூடின தூள் வாங்குவதைவிடப் பலன் தரும்.

இந்த இரண்டு கட்சிக்கும் வெளியே நிற்பது பால் ஊற்றாத வரக்காப்பி. கோபிப் பக்கத்தில் எங்கள் அம்மாயி சுக்கும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டு, கவுந்தப்பாடி வெல்லம் கரைத்துக் கொடுப்பார். "ஒரு வாய் குடிச்சுட்டுப் போ சாமி" என்று சொன்னால் மறுத்துவிட்டுப் போக முடியாது. இப்போது கடைகளில் நாட்டுச்சர்க்கரை டீ, நாட்டுச்சர்க்கரை காபி என்று போர்டு தொங்குகிறது. என்னைக் கேட்டால் அது டீயோடு சேரும், வரக்காப்பியோடு இன்னும் நன்றாகச் சேரும். பால் காபியில் வெல்ல வாடைதான் முன்னால் நிற்கும். பாலோடு கலப்பதென்றால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கொதிக்கும்போது போட்டால் திரிந்துவிடும்.

உடம்புக் கணக்கு கொஞ்சம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி பில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன், இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 என்று இருக்கிறது. ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். காலை, மாலை வீட்டில் காபி, நடுவில் கடையில் ஒரு டீ என்றால் ஏறக்குறைய அதற்குள் நிற்கும்.

அந்த வழிகாட்டி சொல்கிற இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம், ஏனென்றால் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நம் பக்கம் கம்பெனிக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் டிபன் பாக்ஸை மூடிய கையோடு டீயைக் குடிக்கிறார்கள். ரத்தசோகை என்று டாக்டர் சொன்னவர்கள் பதினோரு மணி டீயையும் நாலு மணி டீயையும் விட வேண்டியதில்லை. சாப்பாட்டோடு சேர்கிற அந்த ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.