ஏடிமெகா328பி என்று சொல்லி 168ஐத் தலையில் கட்டுகிறார்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கையடக்க கேம் செய்து பழகும் பிள்ளைகளுக்கும், அதற்குக் காசு கொடுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஃபேஸ்புக்கில் 'கேம் கிட்' என்று விளம்பரம் போடும் ஒருவரிடம் எங்கள் கல்லடி வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கினார்கள். பார்சல் வீட்டுக்கு வரும். காசைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுவார்கள்.

திரை, பட்டன், பஸர் எல்லாம் நல்லவை. சிப்தான் பொய். கேமை ஓட்டும் மூளையான அந்தச் சிப்பில் ஏடிமெகா328பி என்று எழுதியிருந்தது. சிப்பில் கேமை எழுதும் கருவியான புரோகிராமரைச் செருகியதுமே, அதை இயக்கும் கணினி மென்பொருளான ஏவிஆர்டூட் எழுத மறுத்துவிட்டது. 328பிக்கு வரவேண்டிய அடையாள எண் 1ஈ 95 0எஃப். வந்ததோ 1ஈ 94 06, அதாவது ஏடிமெகா168. பிள்ளைகள் போன் எடுத்துக் கேட்க, "அது வழமையா வாற எரர் தம்பி, எஃப் போட்டு எழுதுங்க" என்றிருக்கிறார் விற்றவர். எஃப் என்ற அந்தக் கட்டளை அடையாள எண் சோதனையைத் தவிர்க்குமே ஒழிய சிப்பை மாற்றாது. 168இல் புரோகிராமுக்கு இருக்கும் 16 கிலோபைட்டுக்குள் கேம் அடங்கியதால் எழுதுவதும் சரிபார்ப்பதும் பிழையில்லாமல் முடிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

பாவம், பிள்ளைகள் தங்கள் சோல்டரிங்கைச் சந்தேகப்பட்டார்கள். ஒரு மகள் திரையைக் கழற்றிக் கழற்றிச் சூடுகாட்டியதில் வெரோ போர்டின் செப்பு வளையங்கள் பெயர்ந்து கம்பியோடு வந்துவிட்டன. "என்ட கையிலதான் பிழை சேர்" என்று அவள் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவள் கையில் ஒரு பிழையும் இல்லை.

கேம் ஓடும்போது பாவிக்கும் நினைவகமான ரேம் 328பியில் 2 கிலோபைட், 168இல் 1 கிலோபைட். 328பிக்கென்று கொம்பைல் பண்ணிய, அதாவது அந்தச் சிப்புக்கேற்ற வடிவுக்கு மாற்றிய புரோகிராம், தற்காலிகக் குறிப்புகளை வைக்கும் ஸ்டாக்கை 2 கிலோபைட்டின் உச்சியில் வைக்கும். 168இல் அந்த இடமே கிடையாது. "அப்ப 168க்கு மாத்திக் கொம்பைல் பண்ணுங்க" என்பது அவருடைய அடுத்த பதில். 128க்கு 64 புள்ளித் திரையின் ஒரு முழுப் படத்துக்கே 1024 பைட் வேண்டும். அதுவே 168இன் மொத்த ரேம். பாம்பு கேமில் பாம்பு எங்கே நிற்கிறது என்று நினைவில் வைக்க ஒரு பைட்கூட மிஞ்சாது. இது தெரியாமல் ஒருவர் கேம் கிட் விற்க முடியாது.

சிப்பை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். மேற்பரப்பு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். முதலாம் காலைக் காட்டும் குழி பூச்சால் பாதி மூடியிருந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது, 328பி என்ற எழுத்தும் போய்விட்டது. பழைய எழுத்தை உரசி அழித்துவிட்டுப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள்.

வாங்கினால் சோல்டர் பண்ணுவதற்கு முன்பே அடையாள எண்ணைப் படியுங்கள். புரோகிராமர் இல்லையென்றால் ஆர்டுயினோ ஊனோ போர்டையே அந்த வேலைக்குப் பாவிக்கலாம். புரோகிராமர் இல்லாமலே கேமை ஏற்றுவதற்காகச் சிப்புக்குள் இருக்கும் சிறு புரோகிராமான பூட்லோடர் வழியாக வரும் எண்ணை நம்பவேண்டாம். பரவலாக இருக்கும் ஒப்டிபூட் என்ற பூட்லோடர் தனக்குள் எழுதி வைத்த எண்ணைத்தான் சொல்லும். 1ஈ 95 14 வந்தால் அது பி இல்லாத 328. நினைவகம் அதே அளவுதான், பயப்பட வேண்டாம். போர்டில் 28 கால் சொக்கெட் ஒன்றைப் போட்டுவிட்டால் சிப்பை மாற்றுவதும் லேசு.

காசைத் திருப்பிக் கேட்டதும் அவர் எங்கள் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷொட், பார்சல் துண்டு, ஏவிஆர்டூட் காட்டிய எண் எல்லாவற்றையும் சேர்த்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விபரம் கேட்க 1977க்கு எடுக்கலாம். இதேபோல் ஏமாந்தவர்கள் பார்சல் துண்டை எறிந்துவிடாதீர்கள். சிப் சந்தேகமென்றால் கல்லடிக்குக் கொண்டு வாருங்கள், காசில்லாமல் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.