கின்ஷாசா–கோமா வழித்தடம்: பழைய ஜெட் விமானங்களில் ஆறு ஆண்டுகள்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவில் மருந்து விநியோக நிறுவனமொன்றில் 2009 முதல் 2015 வரை பணியாற்றிய நான், கிழக்கு எல்லையிலுள்ள கோமாவுக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை விமானத்தில் சென்று வந்தேன். இரு நகரங்களுக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். நம்பிப் புறப்படும்படியான சாலை கிடையாது. ஆற்றில் படகேறினால் வழியிலுள்ள கிசங்கானி போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும். விமானத்தை விட்டால் வேறு கதியில்லை என்ற நிலையில்தான் அங்கே பலரும் டிக்கெட் வாங்கினார்கள்.

நான் பெரும்பாலும் பயணித்த சிறிய நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். கீழே பெயர் சொல்லப்படும் நிறுவனம் அதுவல்ல. அந்தச் சிறிய நிறுவனத்திடம் இருந்த விமானங்களில் நான் அதிகம் ஏறியது போயிங் 737-200. அந்த ரகத்தின் தயாரிப்பு 1988-லேயே நின்றுவிட்டதால், நான் ஏறியபோது அதற்கு இருபது வயதுக்குக் குறையாமல் ஆகியிருக்கும். அதை மட்டும் வைத்து நான் குறை சொல்லவில்லை. ஒரு விமானம் எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் உள்ளழுத்தத்தால் விரிந்து சுருங்கும் அதன் உடற்பகுதியில் விரிசலும் துருவும் உரிய காலத்தில் சோதிக்கப்பட்டனவா, மாற்றிய பாகங்களுக்கு முறையான பதிவு இருக்கிறதா என்பவையே முக்கியம். இந்தக் கேள்விகளை ஆறு ஆண்டுகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூடப் பதில் கிடைக்கவில்லை.

விமானிகளைக் குறை சொல்ல மனம் வராது. கடும் மழையில் இறங்காமல் திரும்பிச் சென்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். கிசங்கானியில் 2011 ஜூலை 8 அன்று மோசமான வானிலையில் இறங்க முயன்ற ஹேவா போரா நிறுவனத்தின் போயிங் 727 விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அப்படித் திரும்பிய ஒவ்வொரு விமானிக்கும் மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

பயணியின் கண்ணுக்குப் படும் இடங்களே கவலை தந்தன. ஒருமுறை இருக்கைப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இறக்கையின் மேலும் இரண்டு அவசரக் கதவுகள் இருப்பதாகப் படம் காட்டியது. நான் அமர்ந்திருந்த விமானத்திலோ பக்கத்துக்கு ஒன்றுதான். வேறொரு ரக விமானத்தின் அட்டையை அப்படியே செருகியிருந்தார்கள். பணிப்பெண்ணிடம் காட்டியபோது, வாங்கிப் பார்த்துவிட்டு அதே பையில் திரும்ப வைத்தார். அட்டையையே சரிபார்க்காதவர்கள் எஞ்சினை எப்படிச் சரிபார்ப்பார்கள் என்ற எண்ணம் அன்று முதல் என்னை விடவில்லை.

அந்த ஆண்டுகளில் கோமா ஓடுதளம் தனிக் கவனம் வேண்டுவதாக இருந்தது. 2002 ஜனவரியில் நியிராகோங்கோ எரிமலை வெடித்தபோது லாவா அதன் வடக்குப் பகுதியை மூடிக் குறுக்கிவிட்டது. நகரம் 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்து, விமானம் மேலெழ அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. மறுமுனையிலோ நெருக்கமான குடியிருப்பு. 2008 ஏப்ரல் 15 அன்று ஹேவா போராவின் டிசி-9 ஓடுதளத்தைத் தாண்டி பிரேரே சந்தைப் பகுதிக்குள் பாய்ந்ததில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் ஏறியவர்களே அல்லர்.

அதே ஓடுதளத்தில் 2013-இல் எங்கள் விமானம் வேகமெடுத்த பின் திடீரென பிரேக் போட்டு நின்றது. மூன்று மணி நேரம் கழித்து அதே விமானத்தில் மீண்டும் ஏறச் சொன்னார்கள். எது பழுதானது, எதைச் சரிசெய்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாம் முடிந்துவிட்டது, ஐயா, ஏறுங்கள்" என்றார் ஊழியர். நான் ஏறவில்லை. குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் என்னிடம், "நானும் நின்றுவிடட்டுமா?" என்று பிரெஞ்சில் கேட்டார். டிக்கெட் பணம் திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என்னிடமும் பதில் இல்லை. அவர் ஏறினார். விமானம் பத்திரமாகக் கின்ஷாசா சேர்ந்தது என்று அன்றிரவு தொலைபேசியில் தெரிந்துகொள்ளும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலேயே காங்கோவில் உரிமம் பெற்ற விமான நிறுவனங்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள அரசின் மேற்பார்வையை நம்ப முடியவில்லை என்பதே அதற்கு அடிப்படை. ஆனால் அந்தத் தடை ஐரோப்பிய வானத்துக்கு மட்டுமே. உள்நாட்டில் பறப்பவரை அது காப்பதில்லை. நான் அங்கிருந்த ஆண்டுகளில் உள்நாட்டுப் பயணி ஒவ்வொருவரும் 'கோ பாஸ்' என்று 10 டாலர் விமான நிலையக் கட்டணம் செலுத்தினார். அவ்வளவு செலுத்துபவருக்கு, தான் ஏறும் விமானத்தின் கடைசிப் பெரிய பராமரிப்புச் சோதனை எந்தத் தேதியில் நடந்தது என்பதைக் கவுன்டரில் எழுதி ஒட்டுவது பெரிய காரியமல்ல.

2013-க்குப் பிறகு அந்த நிறுவனத்தில் நான் டிக்கெட் எடுக்கவில்லை. வேறு வழியின்றி அத்தகைய விமானத்தில் ஏறுபவர்கள், பிற்பகல் இடிமழைக்கு முன்பே போய்ச் சேரும் காலை விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். உட்காரும் முன் பெல்ட் கொக்கியை இழுத்துப் பாருங்கள். அட்டையை நம்பாமல், அவசரக் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.