சின்ன ஊருக்கு எது முதலில்: அகலச் சாலையா, நேரத்துக்கு வரும் பஸ்ஸா, கூப்பிட்டால் வரும் வேனா?

கிராமங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊருக்குப் போக்குவரத்துக்கென்று பணம் ஒதுக்கினால், முதலில் எழும் யோசனை சாலையை அகலப்படுத்துவதுதான். செய்த வேலை கண்ணுக்குத் தெரியும், எல்லோருக்கும் புரியும். ஆனால் அதே பணத்துக்குப் போட்டியாக இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேரம் தவறாமல் ஓடும் பஸ். மற்றொன்று போனில் கூப்பிட்டால் வரும் வேன். மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கலாம்: சொந்த வண்டி இல்லாத ஒருவர் மருத்துவமனைக்குப் போய்விட்டு அன்றே வீடு திரும்ப முடியுமா?

சாலையிலிருந்து தொடங்குவோம். சின்ன ஊர்ச் சாலைகள் பாழாவதற்கு அகலம் போதாதது அநேகமாகக் காரணமே இல்லை. தண்ணீரும் பாரமும்தான் காரணம். வடிகால் அடைத்து, நடுச்சாலை மேடாக இல்லாமல் தட்டையாகிவிட்டால், மழைநீர் தாரின் விரிசல் வழியாக அடியில் இருக்கும் ஜல்லிப் படுகைக்குள் இறங்கும். படுகை இளகியதும் மேலே போகும் சக்கரம் பள்ளத்தை உண்டாக்கிவிடும். பாரத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே பரிசோதனைச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரங்களை இணைக்கும் அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது அதில் தெரிந்தது. அப்படியென்றால் 10 டன் அச்சு ஒருமுறை கடப்பது, 1 டன் அச்சு ஏறக்குறைய பத்தாயிரம் முறை கடப்பதற்குச் சமம். ஊருக்குள் போகும் கனரக லாரிகளை வெளியே திருப்பிவிடாமல் அகலப்படுத்தினால், கெட்டுப்போகும் பரப்புதான் கூடும்.

அகலமான சாலைக்கு இன்னொரு விலையும் உண்டு. கடைத்தெருவில் வண்டிகள் வேகமெடுக்கும். 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. அந்தத் தெருவைக் குறுக்கே கடப்பவர்களில் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். அதனால் சாலைக்கென்று வரும் பணத்தில் வடிகாலுக்கும் பராமரிப்புக்கும்தான் முதல் பங்கு என்பேன். இந்தியாவில் 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போடும் ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டு பராமரிப்பையும் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே வைத்தார்கள். அந்த விதி எங்கேயும் பொருந்தும்.

சரி, சாலை நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி இல்லாதவருக்கு அதனால் என்ன? இங்கேதான் பஸ்ஸுக்கும் வேனுக்கும் உண்மையான போட்டி.

வேனின் பலம் வெளிப்படையானது. வீடுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் காலி பஸ் ஓட்டுவதைவிட, கேட்டவருக்கு மட்டும் வண்டி அனுப்புவது புத்திசாலித்தனம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வில்சன் நகரம் 2020-ல் தன் வழித்தட பஸ்களை நிறுத்திவிட்டு முழுக்க இந்த முறைக்கு மாறியது. பயணிகள் கூடினார்கள்.

ஆனால் கூட்டம் கூடுவதே வேனுக்குச் சுமை. பாதி காலியாக ஓடும் பஸ்ஸில் இன்னும் பத்துப் பேர் ஏறினால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. வேனில் பத்துப் பேர் கூடினால் இன்னொரு வேனும் இன்னொரு ஓட்டுநரும் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொருவரையும் தேடிப்போய் ஏற்றும் வண்டி ஒரு மணி நேரத்தில் நான்கைந்து பேரைத் தாண்டுவது அரிது. கனடாவின் இன்னிஸ்ஃபில் நகரம் 2017-ல் பஸ் விடாமல் ஊபர் பயணங்களுக்கு மானியம் கொடுத்தது. மக்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள், மானியச் செலவும் கூடவே ஏறியது. 2019-ல் பயணக் கட்டணத்தை ஒரு டாலர் உயர்த்தி, ஒருவருக்கு மாதம் 30 பயணம் என்று வரம்பு வைத்தார்கள். தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு அந்த 30 பதினைந்து நாளில் தீர்ந்துவிடும். மக்கள் பயன்படுத்தப் பயன்படுத்தக் கட்டுப்பாடு போட வேண்டியிருக்கும் ஒரு சேவையை ஊரின் முதுகெலும்பாக வைக்க முடியாது.

பஸ்ஸுக்கும் குறை உண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓடினால் அதை நம்பி யாரும் வேலை தேட மாட்டார்கள். சுவிட்சர்லாந்து 1982-ல் நாடு முழுவதும் ஒரே இடைவெளியில் வண்டி வரும் அட்டவணையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் ரயில், அதையொட்டிக் கிராமத்துக்குப் போகும், தபால் நிறுவனம் நடத்தும் மஞ்சள் பஸ். அட்டவணை மனப்பாடமாகிவிடும், திரும்பி வருவதைப் பற்றிப் பயம் இருக்காது. பல வழித்தடங்களில் இரண்டிரண்டு டிரிப் விடுவதைவிட, முக்கியமான ஓரிரண்டில் மணிக்கொன்று விடுவது பல மடங்கு பயன் தரும். பெரிய பஸ்ஸும் வேண்டாம். சின்ன பஸ்ஸாக இருந்தால் அச்சின் பாரம் குறையும், சாலையும் தாங்கும். இலவசப் பயணம் நல்லதுதான், ஆனால் அது டிரிப் எண்ணிக்கை கூடிய பிறகு வர வேண்டியது.

வேனை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பஸ் தடத்திலிருந்து தள்ளி இருக்கும் குடியிருப்புகளுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஜெர்மனியில் 1985 முதல், ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் முறைவைத்து ஓட்டும் எட்டுப் பயணி வேன்கள் இப்படிப்பட்ட இடங்களில் ஓடுகின்றன. ஸ்மார்ட்போன் செயலி மட்டும் போதாது, சாதாரண போனிலும் பதிவு செய்ய முடிய வேண்டும். அப்புறம், வேன் ஊர்வரை வராமல் பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டால் ஒரே வேன் இன்னும் பல நடை அடிக்கும். அதற்கு வேன் வரும்வரை பஸ் காத்திருக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே டிக்கெட் செல்ல வேண்டும். ஆகவே இரண்டையும் ஒரே அலுவலகம் நடத்துவதுதான் சரி.