ஜீவன் பிரமாண் முகப்பதிவு: நாலு நவம்பர் அனுபவம்

டெல்லி முனிர்காவில் இருக்கும் தோழி போன வாரம் போன் செய்தாள். "மாமியாருக்கு அடுத்த நவம்பர்லேர்ந்து போன்லயே லைஃப் சர்டிபிகேட் எடுத்துடலாமா? நீதான் ரொம்ப நாளா செய்யறியே, நம்பலாமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. அன்றுதான் அம்மாவின் பென்ஷனுக்காக வங்கியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு மயூர் விஹாருக்குத் திரும்பியிருந்தேன். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் நாலு வருஷம் கைகொடுத்த ஒன்றை ஒரு நாள் கோபத்தில் தூக்கியெறிந்து பேசக் கூடாது. அதனால் அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் ஜீவன் பிரமாண் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷாவருஷம் நவம்பரில் கொடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டை ஆதாரை வைத்து மின்னணு முறையில் எடுக்கும் அரசுத் திட்டம் அது. திட்டம் வந்தது 2014 நவம்பரில். எங்கள் வீட்டுக்கு அது உண்மையில் வந்துசேர்ந்தது, 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்னால் எல்லாம் கைரேகை.

அப்பா 2016 தொடக்கத்தில் போனார். அந்த நவம்பரில் அம்மாவைப் பக்கத்தில் ஒரு சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். ஐம்பது வருஷம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, மாவரைத்து வழவழவென்று ஆகிவிட்ட விரல்கள் அம்மாவுக்கு. கருவி திரும்பத் திரும்ப ஏற்க மறுத்தது. ஈரத்துணியால் துடைத்து வைக்கச் சொன்னார்கள். தலைமுடியில் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து, கடைசியில் இடது கை மோதிர விரல் ரேகை பதிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. மறுமணம் செய்துகொண்டீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. குடும்ப பென்ஷன் வாங்குகிறவர்களிடம் கேட்டாக வேண்டிய கேள்விதான். அதை அந்தப் பையன், பின்னால் வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது, இந்தியில் உரக்கக் கேட்டான். அவன் மேல் தப்பில்லை, அம்மாவுக்குக் காது மந்தம். அப்பாவுக்கு வருஷாப்தீகம்கூட அப்போது ஆகியிருக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். நான்தான் இல்லை என்று சொன்னேன்.

2022இலிருந்து இதெல்லாம் எங்கள் கூடத்திலேயே முடிகிறது. ஆதார் ஃபேஸ்ஆர்டி, ஜீவன் பிரமாண் என்று இரண்டு ஆப். முதலில் என் ஆதாரையும் என் முகத்தையும் பதிந்துகொள்ள வேண்டும். அப்புறம் அம்மாவின் ஆதார் எண், ஓடிபி, பி.பி.ஓ. எண் (பென்ஷன் வழங்கும் ஆணையின் எண்), வங்கிக் கணக்கு எண். கடைசியில் அம்மாவின் முகம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண்புரை அறுவைக்குப் பிறகு அம்மா மெதுவாகத்தான் சிமிட்டுவாள், அதனால் முதல் வருஷம் ஏழெட்டுத் தடவை முயன்றோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் முதல் தடவையே எடுத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது, நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். மறுமணக் கேள்வி இப்போதும் இருக்கிறது. நானே 'இல்லை'யைத் தொட்டுவிடுகிறேன், அம்மா காதுக்கு அது போவதில்லை.

டெல்லி நவம்பர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்பின்னாகப் புகைமூட்டம் இறங்கும், அம்மாவுக்கு இழுப்பு தொடங்கும். மூச்சுக்குத் திணறும் வயதானவர்களை வருஷத்திலேயே காற்று மோசமான மாதத்தில் வெளியே அழைத்துப் போக வேண்டியிருந்தது. 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம், அம்மாவுக்கு 77தான். இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோ தேடிய காலைகளை நினைத்தால் இந்த ஆப்பைச் செய்தவர்களுக்கு மனதார நன்றி சொல்லத் தோன்றுகிறது. 2024இல் அம்மா கும்பகோணத்தில் தம்பி வீட்டில் இருந்தாள். அங்கிருந்தே அவன் போனில் முடித்தான். படம் எடுத்து முடித்ததும் அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பாள்: "நான் இருக்கேன்னு சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்களா என்பதுதான் தெரிவதில்லை. என் மனத்தாங்கல் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

அனுப்பியதும் பிரமாண் ஐடி குறுஞ்செய்தியில் வரும். சான்றிதழை இறக்கி வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வந்தது அவ்வளவுதான், பென்ஷன் கொடுக்கும் வங்கியிடமிருந்து ஒரு வரிகூட வந்ததில்லை. 2023இல் பி.பி.ஓ. எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். ஆப் அதையும் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தது. டிசம்பர் பென்ஷன் வராதபோதுதான் தெரிந்தது. சரி, அது என் பிழை. சரியான எண்ணோடு மறுபடி அனுப்பினேன், நிலுவையோடு வந்துவிட்டது.

இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் பாஸ்புக்கோடு ஒத்துப் பார்த்து நவம்பர் முதல் வாரமே அனுப்பினேன். டிசம்பர் கடைசியில் பணம் வரவில்லை. வங்கியில் "எங்க சிஸ்டத்தில் காட்டவில்லையே" என்றார்கள். அச்செடுத்த சான்றிதழை நீட்டினேன். அதை வாங்கி ஏதோ தட்டினார்கள், மறுநாளே பணம் ஏறியது. கவுண்டரில் இருந்த அம்மையார் மரியாதையாகத்தான் பேசினார். எங்கே நின்றுபோனது என்பதற்கு மட்டும் அவரிடமும் பதில் இல்லை.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல் டிக்கெட் உறுதியானால் போனில் செய்தி வருகிறது. ஒரு விதவையின் மாதச் சாப்பாடு இதில் இருக்கிறது. 'வங்கி ஏற்றுக்கொண்டது', 'வங்கி நிராகரித்தது, காரணம் இது' என்று இரண்டில் ஒன்றை டிசம்பர் முதல் வாரத்துக்குள் தெரிவித்தால் போதும், பணம் நிற்பதற்கு முன்பே சரிசெய்துகொள்வோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே சிலர் உண்டு. இரண்டு மாதம் பணம் வராமல் போனால்கூட அவர்கள் யாரிடமும் கேட்க மாட்டார்கள்.

தோழிக்கு என் பதில் இது. போனில் எடு. நவம்பர் 10க்குள் எடு. அன்றே அச்செடுத்து, நீயே வங்கிக்குப் போய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கு. மாமியாரை அழைத்துப் போகாதே. எண் அடிக்கத் தயக்கமாக இருந்தால் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம், அஞ்சலக பேமெண்ட்ஸ் வங்கி 2020இலிருந்து 70 ரூபாய்க்குச் செய்து தருகிறது. ஆனால் அதற்குப் பிறகும் வங்கியில் போய்க் கேள்.

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நவம்பரில் கேட்டிருந்தால் ஐந்து கொடுத்திருப்பேன். இன்றைக்கு இரண்டுதான். பணம் ஏறிய அன்று அம்மாவிடம் பாஸ்புக்கைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "போன மாசம் நான் இல்லைன்னு நினைச்சுட்டாளா?" என்று கேட்டாள்.