மெட்டாகாம் சிரப்: நொண்டும் நாய்க்கு எப்படி?

மூட்டுத் தேய்மான வலிக்கு மருத்துவர் எழுதித்தரும் மெலோக்சிகாம் மருந்து இது. 1 மில்லியில் 1.5 மி.கி. இதன் பெரிய பலம் கூடவே வரும் சிரிஞ்ச். அதில் கோடுகள் நாயின் எடைக் கணக்கில், கிலோவில் இருக்கின்றன. 30 கிலோ லேப்ரடாருக்கு 30 வரை இழுத்தால் 2 மில்லி, அதாவது தினசரி அளவு. முதல் நாள் மட்டும் இரட்டிப்பு. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சோற்றோடு கலந்து கொடுங்கள். தேன் சுவை என்பதால் பெரும்பாலும் மறுக்காது; அதனாலேயே பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வாங்குமுன் விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். முன்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். பின்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல்போலத் தாவினால் இடுப்பு மூட்டுக்கு எக்ஸ்ரே அவசியம்.

மூன்று நான்கு நாளில் பலன் தெரியும். பத்து நாளாகியும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டை ஒதுக்குதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டோடும் வேறு வலி மருந்தோடும் சேர்க்கவே கூடாது. இரைப்பையில் புண் வரும். சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கு வேண்டாம்.

வீட்டிலிருக்கும் புரூஃபென் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது நாய்க்கு நஞ்சு.

திறந்த பாட்டில் ஆறு மாதம்தான். திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள்.