ரீஸ்டார்ட்டுக்கு அவசரப்படாதவருக்கு 5 ஸ்டார், மற்றவருக்கு 1

அலுவலகக் கணக்குகள் மொத்தமும் ஒரே ஒரு உபுண்டு (லினக்ஸ் வகை) சர்வரில் ஓடுகின்றன. மற்ற வேலைகளோடு சேர்த்து அதையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு அப்டேட் போட்டேன். சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிறுவல் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாலும் அதே இடத்தில் அதே பிழை. சந்தா கட்டி வைத்திருந்த ரிமோட் சப்போர்ட்டை அன்றுதான் முதல்முறையாக அழைத்தேன்.

முதலில் எடுத்தவர் பிழைச் செய்தியை முழுதாகக் கேட்கவில்லை. "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றார். மனசு ஒப்பவில்லை. வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். 20 நிமிடம் பாட்டு கேட்டேன்.

அப்புறம் வந்தவரின் முதல் கேள்வி: "பேக்கப் இருக்கா?" இருக்கிறது என்றேன். "அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கீங்களா?" நான் பேசவில்லை.

சரி என்று, டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையை ஓட்டச் சொன்னார். பெரிய டிஸ்க்கில் பாதி காலி. நான் அதை மட்டும் பார்த்துவிட்டு இடப் பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் சர்வர் துவங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் தனிப் பகுதியான பூட் பார்ட்டிஷன் 100% நிரம்பியிருந்தது! அதில் ஐந்து பழைய கெர்னல்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (துவங்கும்போது கெர்னலுக்குத் தேவைப்படுவது). புதியதை எழுத இடமே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அவற்றைக் கையால் நிறுவியிருந்ததால் தேவையற்றவற்றை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை அவற்றைத் தொடாமல் விட்டிருக்கிறது.

இப்போது எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று யுநேம் கட்டளையில் பார்த்து, அதை விட்டுவிட்டு, மிகப் பழைய இரண்டை மட்டும் பெயர் சொல்லி நீக்கினார். பாதியில் நின்ற நிறுவலை டிபிகேஜி கான்ஃபிகர் கட்டளையில் முடித்தார். அதோடு ரீஸ்டார்ட் செய்துவிடவில்லை. பூட்டில் புதிய இனிட்ராம்எஃப்எஸ் இருக்கிறதா, அளவு பழையதை ஒட்டி வருகிறதா என்று வரிவரியாக ஒப்பிட்டார். அந்தக் கோப்பு இல்லாமலோ அரைகுறையாகவோ இருந்தால் சர்வர் துவங்க முடியாமல் கெர்னல் பேனிக் என்ற பிழையில் நின்றுவிடலாமாம். அப்போது பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துத் துவக்க யாராவது திரைக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள்? முதல் ஆள் பேச்சைக் கேட்டிருந்தால் இரவோடு இரவாக நான்தான் ஓடியிருப்பேன்.

40 நிமிடத்தில் வேலை முடிந்தது. சந்தாவைப் புதுப்பிக்கிறேன், அவருக்காக மட்டும். நீங்களும் இப்படி ஒரு சர்வீஸ் வைத்திருந்தால், எடுத்த எடுப்பிலேயே சீனியர் டெக்னீஷியனைக் கேளுங்கள்.

குறை ஒன்று: வேலை முடிந்ததும் வந்த மெயிலில் "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று ஒரே வரி. ஓட்டிய கட்டளைகளை நானே டெர்மினல் ஹிஸ்டரியிலிருந்து பொறுக்கி எழுதி வைத்துக்கொண்டேன்.